மாதாவுக்குப் பின்னால் இருந்த சுவர்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது செபமாலைமுத்து தேடியது கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையை மட்டுந்தான். மனைவி அருள்மலருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஹவுன்ஸ்லோவில் அவர்கள் இருந்தது மாடி வீடு. பூசைக்குப் புறப்படும்போது அருள்மலர் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவார்.

குட்மேய்ஸில் மேர்வின் தன் வீட்டை விற்பதாக இருந்தார். இவரும் செபமாலைமுத்துவைப் போல மன்னார்க்காரர், ஊரில் இருவருக்கும் ஒரே பங்குக் கோயில். வீட்டின் பின்புறம் நீட்டிக் கட்டிய அறை, பக்கத்திலேயே குளியலறை. ஒக்டோபரில் வீடு வீடாகச் செபமாலை சொல்லும்போது, மேர்வின் வீட்டு முறைக்கு நாங்கள் எல்லோரும் அந்த அறையில்தான் கூடுவோம். சுவரோரம் மாதா சுரூபம். அதன் பின்னால் கூரையிலிருந்து தரை வரை நீலத் துணி.

இந்த நாட்டில் வீடு வாங்கும்போது வங்கி அனுப்புகிறவர், கொடுக்கும் கடனுக்கு வீடு பெறுமா என்று மட்டும் பார்ப்பார். அவர் வங்கியின் ஆள். சாதாரணப் பரிசோதனை கண்ணுக்குத் தெரிகிற பழுதைச் சொல்லும். குழப்பமில்லாத வீட்டுக்கு அது போதும். பழைய வீடு, நீட்டிக் கட்டிய வீடு என்றால் முழுக் கட்டடப் பரிசோதனை வேண்டும், கழிவுநீர்க் குழாய்க்குள் கமெராவும் விட வேண்டும். விலை ஒத்துக்கொண்ட பின், ஒப்பந்தம் கைமாறுமுன் இதைச் செய்ய வேண்டும். அதன்பின் செய்வது பிரேத பரிசோதனை.

முழுப் பரிசோதனை செய்யும்படி, வீடு வாங்கும் சட்ட அலுவலைப் பார்த்த சொலிசிற்றர் சொன்னார். செபமாலைமுத்து கூச்சத்தோடு அதை மேர்வினிடம் சொன்னார்.

"அனுப்புங்கோ அண்ணை. செபமாலைக்கு வந்து எங்கட கையால சாப்பிட்ட வீடு. இப்ப ஆள் விட்டுப் பாக்கோணுமெண்டால், நான் என்ன சொல்லேலும்?"

செபமாலைமுத்து ஆள் அனுப்பவில்லை. வங்கியின் ஆள் வந்து போனார். கடன் கிடைத்ததையே செபமாலைமுத்து வீட்டுக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டார். வீட்டுக் கதவின் திறப்பைக் கையில் கொடுத்த அன்று மேர்வின் சுரூபத்தை அசைக்கவில்லை. மாதா இங்கேயே இருந்து வீட்டைக் காக்கட்டும் என்றார். அருள்மலர் அழுதுவிட்டார்.

அடுத்த ஒக்டோபருக்காகத் துணியைத் தோய்க்கக் கழற்றியபோதுதான் சுவர் தெரிந்தது. கூரை மூலையிலிருந்து சரிந்து இறங்கிய வெடிப்பு. ஒருமுறை பூசி அடைத்து, சுவரின் நிறத்திலேயே மை அடித்து, அதற்குமேலும் வெடித்திருந்தது. நிலத்துக்குள் குழாய் உடைந்து, மண் கரைந்து, அறை வீட்டிலிருந்து பிரிகிறது என்றார் பொறியியலாளர். அங்கே படுக்கவும் வேண்டாம் என்றார். காப்புறுதிக்காரர்கள் இது பழைய பழுது என்று கைவிரித்தார்கள். மேர்வின் தெரிந்தே மறைத்ததை நிரூபிப்பது கடினம் என்றார் சொலிசிற்றர்.

செபமாலைமுத்து மேர்வினின் புது வீட்டுக்குப் போனார். வந்த காரியத்தைச் சொல்லுமுன் தேநீர் வந்தது. வீட்டைச் சுற்றிக் காட்டிய மேர்வின், வாங்குமுன் முழுப் பரிசோதனை செய்ததையும், குழாய்க்குள் கமெரா விட்டதையும், மின்சாரக்காரரைக் கொண்டு வயர்களைப் பார்த்ததையும் பெருமையாகச் சொன்னார்.

"உமக்கு மட்டும் ஏன் இவ்வளவும்?"

"இது வெள்ளைக்காரனிட்டை வாங்கினதெல்லோ, அண்ணை. அவங்களை எப்பிடி நம்புறது?"

செபமாலைமுத்து வெடிப்பைச் சொன்னார். மேர்வின் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"துணி தொங்கினது உங்களுக்குத் தெரியும்தானே. தூக்கிப் பாக்க வேண்டாமெண்டு நான் சொன்னனானோ?"

அறையைப் பூட்டிவிட்டார்கள். கட்டில் மேல்மாடிக்குப் போய்விட்டது. சுரூபத்தைக் கொண்டுபோய் மேர்வினின் வாசலில் வைக்கப்போவதாக செபமாலைமுத்து சொன்னபோது அருள்மலர் மறித்தார்.

"மாதா என்ன செய்வா? அவவையும் மறைப்புக்குத்தானே அவன் நிப்பாட்டினவன்."

சுரூபம் இப்போது மேல்மாடியில், படி தொடங்கும் இடத்தில் நிற்கிறது. ஞாயிறு காலையில் அருள்மலர் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, முதல் படியில் உட்கார்ந்து, நகர்ந்து இறங்குகிறார்.