போட்டோவோடு போன வலை

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் வலை போட முடியாது. முறை வரும் நாளில்தான் போகலாம். அதைப் 'பாடு' என்போம். புயலில் வலை இழந்தவர்களுக்குப் புது வலை தருவதாக ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வந்தது, சரியாக எங்கள் பாடு நாளில். வீட்டுக்காரர் தன் அண்ணனிடம் இரவல் வலை வாங்கிக் கிளம்பியிருந்தார்.

"இன்னிக்குப் பாட்டை விட்டுட்டா சோத்துக்கு இன்னாடி பண்ணுவ?" என்றார்.

"நீ இல்லன்னா லிஸ்ட்டுல பேரை அடிச்சிடுவாங்கய்யா" என்று பயந்து நான்தான் தடுத்தேன்.

புது வலையை அவர் தோளில் போட்டுப் போட்டோ எடுத்தார்கள். உடனே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அடுத்த குப்பத்துலயும் எடுக்கணும்மா, சாயந்திரம் வந்துடும்" என்றார்கள். வரவேயில்லை. அந்த வாரம் முழுக்க வெறும் கஞ்சிதான்.

பிறகு பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் அதே படத்தைக் காட்டினாள். 'உங்கள் நன்கொடையால் இவருக்கு வலை கிடைத்தது' என்று போட்டிருந்தது.

"மாமா ஸ்டார் ஆயிட்டாருக்கா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தவர்களின் பணம் எங்கே போனதோ என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது யார் கேமராவோடு வந்தாலும், "வலையைக் குடுத்துட்டுப் போங்க சார். எங்க பாடு அன்னிக்கு ஏரிக்கு வந்து போட்டோ புடிச்சிக்கங்க" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் படகேறவில்லை.