முள் அள்ள வாங்கிய கிராப்

கோவில்பட்டியில் ஜேசிபி வைத்திருப்பவர்களில் இசக்கிதுரை மட்டும்தான் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவார். மணிக்கட்டில் பொத்தானும் மாட்டியிருக்கும். பந்தா என்று மற்ற டிரைவர்கள் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை.

சட்டைக்குள்ளே முழங்கை வரை முள் கிழித்த தழும்புகள். விளாத்திகுளம் பக்கம் ஆடு வளர்க்கிற வீடு அவருடையது. பட்டிக்கு வேலி அடைக்கச் சீமைக்கருவேல முள் வேண்டும். அக்கா பாலம்மாள் நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பால் முள்ளை அமுக்கிப் பிடிப்பாள், அவர் அடித்தூரில் வெட்டுவார். அவரை டிரைவிங் படிக்க அனுப்பிவிட்டு அவள் அமுக்குவதையும் வெட்டுவதையும் தனியாகச் செய்தாள். இன்றும் செய்கிறாள். டவுனில் யாராவது ஊர் கேட்டால் கயத்தாறு என்பார். ரோட்டோரத்து ஊர், அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அந்த ஐப்பசியில் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி பூவனலிங்கம் விளாத்திகுளம் ரோட்டில் இருந்த தன் நிலத்தைச் சுத்தம் செய்ய அவரைக் கூப்பிட்டார். இது நன்றாக அமைந்தால் மற்ற நிலங்களும் அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார். மண் அள்ளுகிற வெறும் பக்கெட்டால் முள்ளைத் தள்ளினால் அது உருண்டு வந்து டயரைக் குத்தும். பக்கெட்டைக் கழற்றிவிட்டு மாட்டுகிற இரும்புக் கவ்வி ஒன்று வேண்டும். பட்டறையில் அதற்குக் கிராப் என்று பெயர். பார்த்து வருவோம் என்று பூவனலிங்கமே காரில் கூட்டிப்போனார்.

சங்கரபாண்டியின் பட்டறையில் இரண்டு கிடந்தன. ஒன்றுக்குக் கீழ்த்தாடை முழுத் தகடு. மஞ்சள் பெயிண்டில் பளபளத்தது. மற்றொன்று துருவேறியது. கீழ்த்தாடை விலா எலும்பு மாதிரி இடைவெளி விட்டு இருந்தது.

"செம்மண்ணுப் பக்கம் மூடுனதைத்தான் வாங்குதாக. கல்லு மண்ணு எல்லாத்துக்கும் ஆகும்" என்றார் சங்கரபாண்டி. "கரிசலுக்கு எனக்குத் தெரியலை. வேர்ல மண்ணு எம்புட்டு ஒட்டிக்கிட்டு வரும்? நீங்கதான் சொல்லணும்."

பார்த்ததுமே இசக்கிதுரைக்குத் தெரிந்துவிட்டது. மழைக்குப் பிறகு கரிசலில் பிடுங்கிய வேர் ஒரு பானை மண்ணோடு வரும். அக்கா தூக்குவதற்கு முன்னால் கம்பை ஓர் உலுக்கு உலுக்குவாள். உலுக்கினால் மண் விழ அடியில் வழி இருக்க வேண்டும். துருவேறியதுதான் சரி. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

"என்னவே யோசிக்கீரு? முள்ளுக்காட்டுல பழக்கமில்லையோ?" என்றார் பூவனலிங்கம்.

"நமக்கு மெஷின் வேலைதான் அண்ணாச்சி. முள்ளு வெட்டுறதுக்குன்னு ஆளுக இருக்கு."

"அதானே. உம்மைப் பார்த்தாலே தெரியுதே."

மஞ்சளைத் தொட்டுக் காட்டினார் இசக்கிதுரை.

மழை விட்டு மேல்மண் காய்ந்ததும் வேலை தொடங்கியது. பூவனலிங்கம் குடை பிடித்து நின்றார். வண்டியை நிறுத்திவிட்டு இசக்கிதுரை அவரிடம் எல்லை கேட்டுக்கொண்டிருந்தபோது, ஓடைக்கரையில் முள் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கினாள். பாலம்மாள்.

"யாரது? உம்மைத்தான் கூப்பிடுதா போல."

"தெரியலை அண்ணாச்சி. முள்ளு கேட்டு வந்திருக்கும்."

இன்ஜின் ஓடவில்லை. சொன்னது அவளுக்குக் கேட்கிற தூரம்தான். தூக்கிய கை இறங்கியது.

கிராப் வாயைத் திறந்து மூடியபோதெல்லாம் முள்ளோடு மண்ணும் ஏறியது. உலுக்கினார். தகட்டில் அப்பிய மண் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வரப்போரம் கரிசல் குன்றாகக் குவிந்தது.

"முள்ளை எடுக்கச் சொன்னா நிலத்தை எடுத்துட்டுப் போறீரே!" என்று கத்தினார் பூவனலிங்கம்.

அடுத்த கவ்வலில் ஒரு வேர் தாடைக்குள் குறுக்காகச் சிக்கியது. வாய் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. முள் எண்ணெய்க் குழாயைக் குத்த ஆரம்பித்தது. குழாய் கிழிந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். கீழே குதித்தார். கையில் எதுவும் இல்லை. அந்தக் காட்டில் ஒரே ஒரு கம்புதான் இருந்தது.

அவர் கேட்பதற்கு முன்பே பாலம்மாள் கரையேறி வந்து கவைக்கம்பை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினார். கவையை முள்ளின் நுனியில் வைக்காமல் தூரில் கொடுத்து, ஒரு திருகு, ஓர் உலுக்கு. மண் பொலபொலவென்று கொட்ட, சிக்கிய முள் முழுதும் கம்பில் ஏறித் தலைக்கு மேலாகப் போய்ப் பின்னால் விழுந்தது. யோசிப்பதற்குள் உடம்பு செய்து முடித்திருந்தது.

பூவனலிங்கம் அவர் முன்னங்கையையே பார்த்தார். பிறகு சிரித்தார். "மெஷின் வேலைதான்னீரு? பரம்பரையா வெட்டுன கையால்லவே இருக்கு!"

இசக்கிதுரை சட்டைக் கையை இறக்கிவிட்டார். பொத்தான் துளையில் ஏற மறுத்தது.

"அண்ணாச்சி, கம்பைத் தந்தீகன்னா நான் போயிருவேன். ஆடு பட்டினியா நிக்கும்" என்றாள் பாலம்மாள்.

பூவனலிங்கத்தைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். அவள் கை இசக்கிதுரை பக்கம்தான் நீண்டிருந்தது. அவர் பிறந்ததிலிருந்து ஏலே என்று மட்டும் கூப்பிட்டவள். கம்பைக் கொடுத்தார். கவையில் ஒட்டிய மண்ணை அவள் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பட்டறையில் மஞ்சளை இறக்கினார்.

"திறந்தது தாங்க."

"யாரு சொன்னா?" என்றார் சங்கரபாண்டி.

"எங்க அக்கா முள்ளு வெட்டுறவ. நானும் வெட்டியிருக்கேன்."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா எம் பெயிண்டாவது பொழைச்சிருக்குமே, அண்ணாச்சி."

துருவேறிய கிராப் ஓர் உலுக்கலில் மண்ணை உதிர்த்தது. பூவனலிங்கம் குறை சொல்லவில்லை. ஆளைப் பார்த்தபோதெல்லாம் சிரித்தார், அவ்வளவுதான். ஓடைக்கரையில் யாரும் இல்லை. நல்ல முள்ளாகப் பொறுக்கி, தூர்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, கவைக்கம்பு கொடுத்தால் சட்டென்று ஏறுகிற மாதிரி கரையோரம் ஒரு போர் அடுக்கினார். அக்காவின் பட்டிக்கு ஒரு வருஷத்துக்குக் காணும். இன்ஜின் சத்தம் அவள் வீடு வரை கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

வேலை முடிந்து வண்டியை ரோட்டில் ஏற்றியபோதும் அந்தப் போர் அப்படியே கிடந்தது.