கடைசி வரியில் பெரியப்பா

இன்றைக்கும் யாராவது, "அந்த மூலை காலியா இருக்கே, ஒரு பூ போடலாமே" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிசைன்தான் என் பிழைப்பு. இருந்தும் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் அத்தையின் கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்த வியாதி.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. சேலையூர் கேம்ப் ரோட்டில் புதிதாகத் திறந்த டி.டி.பி. சென்டரில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். பத்திரிகை, நோட்டீஸ் அச்சடிக்க, கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, நடுவில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். இரண்டே வாரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகையை நானே போடுகிறேன் என்று குதித்தேன். தாத்தாவும் தலையாட்டிவிட்டார்.

அத்தைக்கு அப்போது முப்பத்தைந்து வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். வந்த வரன்களையெல்லாம் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். மேடவாக்கத்துப் பையனா, அங்கே வயலைத் தவிர என்ன இருக்கிறது? பொத்தேரியா, பஸ் வருவதற்குள் பொண்ணு கிழவியாகிவிடும். ஒருவருக்குக் காது பெரிசு. சாப்பிடும்போது அவர் இதையெல்லாம் சொல்ல, நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அத்தை சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பாள். கடைசியில் தாத்தாவே வாய் திறந்து முடித்த சம்பந்தம் இது.

பத்திரிகை வேலை தொடங்கியதும் மொத்த வீடும் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அம்மாவுக்கு ஒரு பிள்ளையார் போதாது, இரண்டு வேண்டும். சித்தப்பா, "இம்மாம் இடம் சும்மா கீதே, ரோஜாப்பூ போடு" என்று கிண்டலும் கட்டளையுமாகச் சொன்னார். பெரியப்பா தினமும் சாயங்காலம் வந்து, 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் தன் பெயருக்குப் பின்னால் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார். முதல் நாள் பி.காம். மறுநாள் தலைமை எழுத்தர், ஓய்வு. அதற்கும் மறுநாள் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். பட்டியல் கோணல்மாணலாகிக்கொண்டே போனது.

நானும் எத்தனை நாள்தான் பொறுப்பேன்! ஒரு நாள் சென்டரில் உட்கார்ந்து பெயர்களை நீளத்தின்படி அடுக்கிவிட்டேன். சின்னது மேலே, பெரியது கீழே. அச்சு அசல் கோபுரம். உச்சியில் என் மூன்று வயதுத் தம்பியின் இரண்டெழுத்துப் பெயர். அடியில், முழு அகலத்துக்கு, பெரியப்பா. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

புரூஃப் தாளை அத்தையிடம் நீட்டினேன். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவோடு, ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்தாள். நான்கு இடங்களில் சுழித்தாள். அடியில் கையெழுத்தும் போட்டாள்.

"அப்பாகிட்ட காட்டிடட்டுமா அத்தை?"

"வேணாம். நான் பாத்துட்டேன் இல்ல? நேரா பிரஸ்ல குடுத்துடு."

பத்திரிகைக் கட்டு வந்தது. அம்மாவும் அத்தையும் மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒன்றை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இன்னாது இது? மூக்கு ஒழுகுற பய என் தலைக்கு மேல, வீட்டுக்கு மூத்தவன் நான் காலடியிலயா? யார் பண்ண வேலை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கோபுரம் மாதிரி வரணும்னு..." என்று இழுத்தேன்.

"கோபுரமாம்! மாத்தி அடிச்சாத்தான் நான் கல்யாணத்துக்கு வருவேன்!"

செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் செருப்பை மாட்டினால் அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். தாத்தாவும் அப்பாவும் வாசலுக்கு ஓடினார்கள். அத்தை மட்டும் நிமிரவில்லை.

"மாத்தி அடிக்க நாளில்லைண்ணா. அப்புறம் உங்க இஷ்டம்" என்று அடுத்த பத்திரிகையை எடுத்தாள்.

அத்தை கல்யாணம் நின்றுவிடும், அதுவும் என்னால் நின்றுவிடும் என்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

கல்யாணம் நிற்கவில்லை. பெரியப்பாவும் வந்தார். வந்து, மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் கூப்பிட்டவர்களிடமெல்லாம், "பத்திரிகையிலயே எனக்குக் கடைசி இடம்தானே" என்றார். அட்சதையைக்கூட அங்கிருந்தே வீசினார். அதில் பாதி சமையல்காரர் தலையில் விழுந்தது.

அந்தப் புரூஃப் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காவது சிவப்புச் சுழி கடைசி வரியில் இருக்கிறது. பெரியப்பாவின் 'செயலாளர்' பதவியில் நான் வைக்க மறந்த புள்ளியை அத்தை அழுத்தமாக வைத்திருக்கிறாள்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? புகுந்த வீட்டுக்குக் கிளம்பி, காரில் ஏறப்போன அத்தை திரும்பி வந்து என் கன்னத்தைப் பிடித்தாள். "அந்தக் கோபுரம் ரொம்ப நல்லா இருந்துச்சுடி" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் பெரிதாக அழுதேன்.