பிரேக் அக்காவின் வலது கால்

டிரைவிங் ஸ்கூலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து அவள் ஓட்டியது கொஞ்சம்தான். பக்கத்து சீட்டில், ஆசிரியருக்கென்று பொருத்தியிருக்கும் தனி பிரேக்கின்மேல் வலது காலை வைத்தபடியே ஆயுசில் பாதி போய்விட்டது. கற்றுக்கொள்கிறவர் சைக்கிள்காரனைப் பார்ப்பதற்கு முன்பே அவள் கால் பார்த்துவிடும்.

அந்தக் காலுக்கு லீவே கிடையாது. டாக்ஸியில் ஏறினாலும் அழுத்தும், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அழுத்தும். தம்பி காரில் போனபோது இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தரைவிரிப்பையே சுருட்டிவிட்டாள். "உன் காலைப் பாத்தா எனக்குக் கை நடுங்குதுக்கா, இறங்கி பஸ்ல வா," என்று அவன் நடுவழியில் இறக்கிவிட்டான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். காலம் பூராவும் ஒரு பெட்டிக்குள் மேலும் கீழுமாகப் போய்வந்த மனிதருக்கு, நேராகவும் வேகமாகவும் போகவேண்டும் என்ற ஆசை தலை நரைத்த பிறகு வந்தது. இரண்டே சீட், தரையோடு ஒட்டின உடம்பு, கத்தரிப்பூ நிறம். பழைய ஸ்போர்ட்ஸ் கார். தினமும் வேலைக்கு அதில்தான் போகப்போகிறாராம். அவருடைய ஸ்பானர் பையை வைத்தால் பெண்டாட்டி உட்கார இடமிருக்காது.

"ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்ங்க," என்றாள்.

"எனக்கு அந்த அறுபது நாளே போதும்."

அவள் பயம் வண்டியைப் பற்றியது அல்ல, மனிதரைப் பற்றியது. எந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர் காது அதற்குள் போய்விடும். எங்கோ ஒரு கீச் சத்தம் கேட்டால் போதும், எதிரில் யானை வந்தாலும் தெரியாது. இப்படிப்பட்டவரைத் தினமும் தனியாக இந்த வண்டியில் அனுப்புவதா?

"ஒரு வாரம் வச்சு ஓட்டிப் பாருங்க சார், புடிச்சா பேசிக்கலாம்," என்று கார் வியாபாரி சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். கணவர் என்ஜினுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்ததை அவர் பார்க்கவில்லை. அவள் கால் வழக்கம்போல வெறும் தரையை மிதித்தது. கார் நின்றது.

"நல்லவேளை, பிரேக் போட்டீங்க."

"நான் எங்க போட்டேன்? கால் ஆக்சிலேட்டர்லதானே இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். தரைவிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் மிதித்தபோது பாதத்தின் கீழே ஏதோ அமுங்கிக் கொடுத்ததே! ஆள் இல்லாத தெருவில் மறுபடி, லேசாக, அழுத்திப் பார்த்தாள். கார் அதே அளவுக்கு லேசாக வேகம் குறைந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருந்தும் கணவரிடம் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பயத்துக்குள் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மறுநாள் அவர் தனியாக வேலைக்குப் போனார். அவள் ஸ்கூல் காரில் பல் டாக்டரம்மாவுக்கு வகுப்பு எடுத்தாள். முன்னால் ஈ காக்கை இல்லாத நேர் ரோடு. திடீரென்று அவள் கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. அவள் மிதிக்கவில்லை, கால்தான் மிதித்தது. பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" டாக்டரம்மா அழுதேவிட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல டாக்டர்."

சாயங்காலம் கணவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "மத்தியானம் ஒரு கேட்டுக்குள்ளேர்ந்து லாரி திடீர்னு வந்துருச்சு. நான் கவனிக்கவே இல்ல. வண்டி தானா நின்னுச்சு! இது வண்டி இல்ல, தெய்வம். வாங்கிடலாம்."

"வேண்டாங்க."

"ஏன்?"

"எனக்கு ஒரு வலது கால்தான் இருக்கு."

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவரைக் காப்பாற்றினால் டாக்டரம்மா பஸ்ஸுக்கு அடியில். டாக்டரம்மாவைப் பார்த்தால் அவர் லாரிக்கு அடியில்.

இயந்திரத்தோடு பிழைப்பவர் சோதிக்காமல் எதையும் நம்பமாட்டார். "நீ இங்கயே உக்காரு," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனார். அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தரையை மிதித்தாள். தூரத்தில் டயர் தேயும் சத்தம் கேட்டது. காலை எடுத்தாள். என்ஜின் உறுமியது. மறுபடி மிதித்தாள். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். ஆசைப்பட்ட மனிதர். அவளுக்குப் பாவமாக இருந்தது.

காரைத் திருப்பிக் கொடுத்ததோடு காலும் அடங்கிவிட்டது. தம்பி காரில் அவள் சும்மா உட்கார்ந்து வந்தாள். அவன் நம்பமுடியாமல் அவள் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில், அவள்தான் "ரோட்டைப் பாருடா" என்று அதட்டவேண்டி வந்தது. அப்படி நிம்மதியாகச் சில வாரங்கள் போயின.

டாக்டரம்மாவின் கடைசி வகுப்பு. சிக்னலில் நின்றுகொண்டிருந்த காரில், அவள் கால் பிரேக்கை அடிவரை மிதித்தது. எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. கார் வியாபாரிக்குப் போன் போட்டாள்.

"அந்த வண்டியா? நேத்துதாம்மா வித்தேன். யாரோ வெளியூர்க்காரங்க. ஏம்மா, உங்களுக்கு வேணுமா?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒவ்வொருவராக ஹார்ன் அடித்தார்கள். கால் கொஞ்சம் தளர்ந்தது. இப்போது நினைத்தால் எடுத்துவிடலாம். முழங்கால்வரை வலித்தது.

"அக்கா, காலை எடுங்கக்கா. எல்லாரும் திட்டுறாங்க."

அவள் இன்னும் பலமாக மிதித்தாள்.

"பொறுங்க டாக்டர். அந்த வண்டி இன்னும் நிக்கல."