கொகோபோலோ மரத்தூளும் என் மூச்சும்

முதலில் வீங்கியவை கண்ணிமைகள். காலையில் எழுந்தபோது இரண்டு கண்களும் பாதிதான் திறந்தன. முந்தைய நாள் சாப்பிட்ட இறால்தான் காரணம் என்றார் என் கணவர் ஃபாரூக். நானும் நம்பினேன். சிங்கப்பூரின் புக்கிட் மேராவில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நான் மரவேலை செய்பவள். ஜாலான் புசாரில் திறக்கவிருந்த ஒரு சிறிய ஹோட்டலுக்கு எங்கள் பட்டறையில் வரவேற்பு மேசை செய்துகொண்டிருந்தோம். மரம் கொகோபோலோ. மத்திய அமெரிக்காவிலிருந்து வருவது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். தேய்த்தால் மாவைவிட நைசான ஆரஞ்சு நிறத் தூள் பறந்து, வியர்த்த கழுத்தில் சாயம்போல ஒட்டிக்கொள்ளும்.

பட்டறையில் தூசி உறிஞ்சும் இயந்திரம் இருந்தது. சத்தம் அதிகம் என்று மாடியில் இருப்பவர்கள் குறை சொன்னதால் முதலாளி அதை நிறுத்திவைத்திருந்தார். எங்களுக்கு மெல்லிய காகித முகக்கவசம்தான். மேசையில் படிந்த தூளை ஈரத்துணியால் துடைக்க விடமாட்டார்; காற்றுக்குழாயால் ஊதச் சொல்வார். அப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வெடித்து நீர் வடிந்தது. என் வேலைத்துணிகளைத் துவைக்கும் ஃபாரூக்கின் கைகளிலும் தடிப்புகள் வந்தன.

"பாஸ், இந்த மரம் எனக்கு ஒத்துக்கல போல இருக்கு."

"நேச்சுரல் மரம் லா. கெமிக்கல் ஒண்ணும் இல்ல. கிரீம் போட்டுக்கங்க."

ஒருநாள் ஹோட்டல்காரர்கள் மேசையைப் பார்க்க வந்தார்கள். அன்று இயந்திரம் ஓடியது. வடிகட்டி பொருத்திய கனமான முகக்கவசங்களை முதலாளி அலமாரியிலிருந்து எடுத்து, உறை பிரித்து, அவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் காரில் ஏறியதும் இயந்திரத்தை நிறுத்தினார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அந்த வாரமே மூச்சு இழுக்கத் தொடங்கியது. வீட்டு வாசலில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. ஃபாரூக் டாக்சியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கிளினிக்கில் யாரும் கேட்காத கேள்வியை அங்கிருந்த டாக்டர் கேட்டார். "என்ன வேலை செய்றீங்க?" சொன்னேன். "என்ன மரம்?"

பிறகு ஒட்டுச் சோதனை செய்தார்கள் (சந்தேகப்படும் பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டிவைத்து, தோல் தடிக்கிறதா என்று பார்ப்பது). மூச்சுப் பரிசோதனைகளும் நடந்தன. தோலில் ஒவ்வாமை, நுரையீரலில் தொழில்சார் ஆஸ்துமா (வேலையிடத்தில் சுவாசிக்கும் பொருளால் வரும் மூச்சிழைப்பு).

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"தோல் ஆறிடும். மூச்சும் கொஞ்சம் கொஞ்சமா சரியாகலாம். ஆனா உங்க உடம்பு இந்தத் தூள இனிமே ஏத்துக்காது. ரோஸ்வுட் மாதிரி இதே இனத்து மரங்கள்கிட்டயும் போகாதீங்க."

முதலாளியைப் பார்க்கப் போனேன். "உங்க உடம்பு சென்சிடிவ் லா. மத்தவங்களுக்கு ஒண்ணும் வரலையே" என்றார்.

"உங்களுக்குத் தெரியலன்னா, வந்தவங்களுக்கு மட்டும் ஏன் நல்ல மாஸ்க் குடுத்தீங்க?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் புகார் செய்தேன். வந்து பார்த்தார்கள். இப்போது அங்கே இயந்திரம் ஓடுகிறதாம். என்னால்தான் அந்த வாசலைத் தாண்ட முடியாது.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வேலையைச் சொல்லுங்கள், மரத்தின் பெயரைச் சொல்லுங்கள். வேலைத்துணியோடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

சென்ற மாதம் லிட்டில் இந்தியாவில் பஸ் ஏறினேன். பக்கத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். கால்சட்டை முழுக்கச் செந்நிறத் தூள். என் மார்பு இறுகியது. எழுந்தேன்.

"சாரி மேடம், வேலைல இருந்து நேரா வர்றேன்."

"உங்க மேல தப்பில்லண்ணே. எனக்கு மரத்தூள் ஆகாது. அது என்ன மரம்?"

"பேரு தெரியாதுங்க. யாரும் சொல்லல." மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. அந்தக் கைய டாக்டர்கிட்ட காட்டுங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து மருந்தை உறிஞ்சினேன். பஸ்கள் வந்து போயின. முன்பெல்லாம் ஒரு பஸ் தவறினாலே எரிச்சல்படுவேன். இப்போது மூச்சு எப்போது அனுமதிக்கிறதோ அப்போதுதான் என்னால் கிளம்ப முடிகிறது. மார்பு தளர்ந்த பிறகும் அந்த மணிக்கட்டுதான் கண்ணில் நின்றது. கோபம் துளியும் தளரவில்லை.