கில்பெர்ட்டோ வீட்டுக்குக் கிரீடம் வந்த வாரம்

கில்பெர்ட்டோ ஃபுர்ட்டாடோ வீட்டில் காபி போட வேண்டுமென்றால் முதலில் தொண்டையைத் திறக்க வேண்டும். சமையலறையிலிருந்து "காபீ!" என்று ஒரு குரல் போகும். முன்னறையில் இருப்பவர் உடனே டிவியை அணைப்பார். மாடியில் தலை உலர்த்துகிறவர் சுவிட்சைத் தட்டிவிட்டு ஈரத்தலையோடு காத்திருப்பார். காபி இறங்கியதும் "ஆச்சு!" என்று இன்னொரு குரல். அதற்குப் பிறகுதான் வீடு மறுபடி நடமாடும். சத்தம் கொடுக்காமல் ரொட்டி வாட்டத் துணிந்த விருந்தாளிகள் பியூஸ் போன இருட்டில் நின்று திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃபால் ரிவரில், போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய அந்த மேட்டுத் தெரு முழுக்கப் பஞ்சாலைக் காலத்து மரவீடுகள். சுவருக்குள் துணி சுற்றிய பழைய ஒயர், பீங்கான் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு ஓடும். தெருவில் மற்றவர்கள் ஒவ்வொருவராக அதைப் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டுவிட்டார்கள். கில்பெர்ட்டோ போடவில்லை. காரணம் சோம்பல் என்று சொன்னால் பாவம். அவருக்கு வேலை தெரியும் என்பதுதான் காரணம். திரைச்சீலை ஆலையில் இருபத்தாறு வருடம் தையல் எந்திரங்களைப் பழுதுபார்த்தவர். எந்திரம் தெரிந்தவனுக்கு மின்சாரம் தெரியாதா என்பது அவருடைய எண்ணம். வேண்டிய இடத்திலெல்லாம் சுவரைத் துளைத்து, பழைய ஒயரோடு புது ஒயரை முறுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் பிளக் பாயிண்டைப் பொருத்திவிடுவார். அப்படிப் பொருத்தியவை பதினோரு பாயிண்டுகள். ஒன்றுகூட நேராக இருக்காது.

அவருடைய மனைவி டியோலிண்டாவின் தங்கை மகள் நேலியா, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். குடும்பத்தில் இப்படி ஒருத்தி இருப்பது கில்பெர்ட்டோவுக்குப் பல்லில் மாட்டிய நார் மாதிரி. அவள் வந்தால் காபியைக்கூடக் குடிக்காமல் சுவர்களையே பார்ப்பாள்.

"பெரியப்பா, ஒரே ஒரு சுவரைத் திறந்து பாக்கறேன். ஒண்ணே ஒண்ணு."

"உன் வயசைவிட அந்த ஒயருக்கு மூணு மடங்கு வயசு. பெரியவங்ககிட்ட மரியாதையா இரு."

"அவளைப் பாக்கத்தான் விடேன்" என்பாள் டியோலிண்டா. "முப்பத்தோரு வருஷமா தலையைக் காயவைக்க உன் டிவிகிட்ட அனுமதி கேக்கறேன்."

"கேட்டா என்ன, குறைஞ்சா போயிட்ட?"

இந்த நிலையில்தான் கிரீடம் வந்தது. ஈஸ்டர் முடிந்து ஏழு வாரமும் தூய ஆவியின் வெள்ளிக் கிரீடம் வாரத்துக்கு ஒரு வீடாகத் தங்கும். எந்த வீடு என்பது விழாச் சங்கம் நடத்தும் சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். கில்பெர்ட்டோ இருபத்திரண்டு வருடமாகச் சீட்டு எழுதிப் போட்டார். இடது வீட்டுக்காரருக்கு விழுந்தது, வலது வீட்டுக்காரருக்கு இரண்டு முறை விழுந்தது, ஊருக்கு வந்து ஒரே வருடமான ஒரு தம்பதிக்குக்கூட விழுந்தது. அந்த வருடம் கில்பெர்ட்டோ ஒரு மாதம் சங்கக் கூடத்துப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவர் பெயரை வாசித்தபோது கேட்டது சரிதானா என்று டியோலிண்டாவின் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவரும் அழுதார், சளி என்று சொல்லிக்கொண்டு.

கிரீடம் வந்தால் முன்னறையில் பீடம் கட்ட வேண்டும். ஏழு படி, வெள்ளைத் துணி, பூ, படிக்குப் படி சின்னச் சின்ன மின்விளக்கு. வாரம் முழுக்க அந்த விளக்குகள் அணையக்கூடாது. மாலைதோறும் தெருவே வந்து மண்டியிட்டுச் செபமாலை சொல்லும், முடிந்ததும் காபியும் இனிப்பு ரொட்டியும். விளக்குக்கும் பெரிய காபிப் பாத்திரத்துக்கும் ஒரே லைன். டியோலிண்டா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"செபத்துக்கு நடுவுல நான் 'காபீ'ன்னு கத்தினா, ஆவியானவர் கிரீடத்தை எடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவார். நேலியாவைக் கூப்பிடு."

கில்பெர்ட்டோ கூப்பிடவில்லை. நிலவறைக்கு இறங்கினார். பியூஸ் பெட்டியில் அந்த லைனின் பதினைந்து ஆம்பியர் பியூஸைக் கழற்றி எறிந்துவிட்டு முப்பதைத் திருகினார். மேலே வந்து கையைத் தட்டிக்கொண்டார். ஞாயிறு மாலை நூற்றெண்பது விளக்குகள் எரிந்தன, காபியும் கொதித்தது, பியூஸ் போகவில்லை. திங்களும் போகவில்லை. ஒயர் தாங்காது என்று அதுவரை நிறுத்திக்கொண்டிருந்த ஒரே காவல்காரனை விரட்டிவிட்டு, வீட்டில் சண்டையே இல்லை என்று மனிதர் மகிழ்ந்துகொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம், இரண்டு நாளில் பதினான்காவது முறையாக.

செவ்வாய் மாலை ஏழு மணி. வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை. உள்ளே நாற்பது பேர் மண்டியிட்டிருந்தார்கள். செபமாலையின் ஐந்து பகுதிகளில் நாலாவது தேவ இரகசியம் பாதியில் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த கிழவர் அமரால், உதடு செபத்தை விடாமல், கில்பெர்ட்டோவின் காதருகே சாய்ந்தார்.

"இன்னிக்குக் கருவாடா? வாசனை தூக்குதே."

கில்பெர்ட்டோவுக்கும் வந்தது. மீன் வாசனை. உப்பிட்ட காட் மீன் கருவாடு அடுப்பில் ஏறினால் வருகிற அதே வாசனை. வரிசை முழுக்க மூக்குகள் லேசாக உயர்ந்தன. இரண்டு பெண்கள் டியோலிண்டாவைப் பார்த்துத் தலையை ஆட்டிப் பாராட்டினார்கள். அசோர் தீவுக்காரர் வீட்டில் மீன் வாசம் வந்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? கில்பெர்ட்டோவின் வாயிலும் எச்சில் ஊறியது. உருளைக்கிழங்கும் போட்டிருப்பாளா என்று யோசித்தபடி மனைவியின் பக்கம் திரும்பினார்.

டியோலிண்டா அவர் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தாள். அவளும் மூக்கைச் சுளித்து அவரைத்தான் பார்த்தாள். சமையலறையில் யாரும் இல்லை.

அவர் எழுந்து, பீடத்தைச் சுற்றிப் போய், பின்சுவரில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். அவர் பொருத்திய பதினோராவது பாயிண்ட் ஓரத்தில் பழுப்பாகி உருகிக்கொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை. மீன் அதுதான்.

உண்மையைச் சொன்னால், அவருக்கு முதலில் வந்த நினைப்பு நல்ல நினைப்பில்லை. இன்னும் ஒரு தேவ இரகசியம்தான் பாக்கி. பிளக்கைப் பிடுங்கினால் கிரீடத்தின் முன்னால் விளக்கு அணையும், இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவன் வீட்டில் மூன்றாம் நாளே அணைந்தது என்று ஊர் பேசும். செபம் முடியட்டும், ஆட்கள் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்தார். பிறகு அறையைப் பார்த்தார். நாற்பது தலைகள், ஒரே ஒரு கதவு. அமரால் எழுந்து நிற்கவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கினார். நூற்றெண்பது விளக்கும் ஒன்றாக அணைந்தன.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "சுவருக்குள்ள எரியுது. என் ஒயரிங்தான்."

"செபம் முடியலையே" என்றாள் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்த பெண்.

"தெருவுல நின்னு முடிங்க. மாதாவுக்கு அங்கேயும் காது கேக்கும்!"

டியோலிண்டா அதற்குள் நிலவறைக்கு ஓடி மெயினை இறக்கியிருந்தாள். சங்கத் தலைவர் எர்மீனியோ கிரீடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். ஐந்தாவது தேவ இரகசியம் நடைபாதையில் முடிந்தது. தீயணைப்பு வண்டியின் ஊதல் நடுவில் சேர்ந்துகொண்டது. வந்தவர்கள் சுவரை உடைத்தார்கள். உள்ளே மரச்சட்டம் ஒரு கை அகலத்துக்குக் கரியாகி, ஓரத்தில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. தண்ணீர் அடித்து அணைத்தார்கள். பீடத்தின் மேல் இரண்டு படிகள் போயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

"கருவாடு கொஞ்சம் தீஞ்சுபோச்சு" என்றார் அமரால். தெருவே சிரித்தது. கில்பெர்ட்டோவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மின்சாரமில்லாத வீட்டில் கிரீடம் தங்க முடியாது. மீதி நாளுக்கு வலது வீடு என்று முடிவானது. மூன்றாவது முறையாக அதே வலது வீடு. எர்மீனியோ தயங்கிக்கொண்டு நின்றார்.

"குடு, நானே கொண்டுபோறேன்" என்றார் கில்பெர்ட்டோ.

பதினெட்டு அடி தூரம். அதைக் கடக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. இந்த முறை சளி என்று யாரிடமும் சொல்லவில்லை. கண்ணீர் கிரீடத்தின் மேலேயே விழுந்தது. டியோலிண்டா சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டபடி கூடவே நடந்தாள். 'அப்பவே சொன்னேனே' என்று அவள் சொல்வாள் என்று ஒவ்வொரு அடியிலும் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. அன்று அவருக்கு வலித்ததிலேயே அதுதான் அதிகம்.

காலையில் நேலியா கருவிப் பெட்டியோடு வந்தாள். உடைந்த சுவருக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கரிந்த ஒயரை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"திட்டணும்னா திட்டிடு" என்றார்.

"மொத்த வீட்டையும் திறக்கணும், பெரியப்பா."

"திற."

"எல்லாச் சுவரும்."

"எல்லாச் சுவரும் திற. ஆனா முன்னறைக்கு மட்டும் தனியா ஒரு லைன் இழு. முந்நூறு விளக்கு தாங்கணும்."

நேலியா திரும்பிப் பார்த்தாள். "முந்நூறா? எதுக்கு?"

"அடுத்த வருஷத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் கில்பெர்ட்டோ. "காலைல முதல் வேலையா."

"உங்களுக்கு விழறதுக்கு இன்னும் இருபத்திரண்டு வருஷம் ஆனா?"

அவர் கணக்குப் போட்டார். வயது எண்பத்து மூன்று வரும்.

"அப்போ அதுவரைக்கும் தாங்கற மாதிரி போடு" என்றார்.