ராணி வந்தாச்சா

கடலூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு "ஃபேமிலிக்கு மட்டும்" என்ற இரண்டு வார்த்தை நன்றாகத் தெரியும். 2009-இல் எனக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, ஆகவேண்டும் என்று நான் யாரையும் நச்சரிக்கவும் இல்லை. குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. ஸ்கூட்டர் பழுது முதல் காய்ச்சல் தலைவலி வரை எல்லாவற்றையும் தனியாகவே பார்த்துக்கொண்டேன். வீடு மட்டும் தனியாகக் கேட்டால் கிடைக்காது.

திருப்பாதிரிப்புலியூரில் அந்தக் கீழ்ப் போர்ஷனை அம்மாவைச் சொல்லித்தான் பிடித்தேன். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து என்னோடு இருப்பதாக அம்மாவும் சொல்லியிருந்தாள். அதற்குள் தம்பிக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, அம்மா அங்கேயே மாட்டிக்கொண்டாள். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "குடும்பம் எப்பம்மா வருது?" என்பார். பொங்கல் கழிந்ததும் பேச்சை முடித்துவிட்டார். மாசி பிறப்பதற்குள் குடும்பம் வரவேண்டும், இல்லையென்றால் காலி செய்துவிட வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். அந்த நாலு பேரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். குடும்பம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அதனால் என் தினசரி காலண்டர் ஜன்னல் கம்பியில் சாய்ந்தபடியே நின்றது. காற்றடித்தால் குப்புற விழும்.

எனக்கு அந்த வீட்டை விட மனமில்லை. காரணம் கொல்லை. இரண்டு முருங்கை, ஒரு எலுமிச்சை, வேலியோரம் ஒரு புங்கை. சிதம்பரத்தில் என் கல்லூரித் தோழி வீட்டுக்குப் பின்னால் பெட்டிகளில் தேனீ வளர்த்துவந்தாள். போகும்போதெல்லாம் திறந்து காட்டச் சொல்லி, தேனடைச் சட்டங்களைத் தூக்கிப் பழகி, கொட்டும் வாங்கி, எனக்குப் பயம் போய்ப் பைத்தியம் பிடித்திருந்தது. முருங்கை பூக்கட்டும், ஒரு பெட்டி தருகிறேன் என்றிருந்தாள். தையில் முருங்கை பூத்துக் கொட்டியது. இந்த வீட்டைக் காலி செய்தால் அடுத்தது எங்கேயாவது மூன்றாவது மாடியில் ஓர் அறையாகத்தான் இருக்கும். அங்கே துணி காயப்போடவே இடம் இருக்காது; தேனீக்கு எங்கே போவது?

தேனீ வளர்ப்பவர்கள் ஒரு பெட்டித் தேனீயை ஒரு குடும்பம் என்றுதான் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கொல்லையில் நின்று தோழியோடு போனில் பேசினேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

"நாளைக்கு வந்து குடும்பத்தக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன். ராணி நல்லா இருக்குதில்ல? அது தங்கிட்டா மத்ததெல்லாம் தானா தங்கிடும்."

மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மனைவி இதை ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் வேண்டப்பட்ட பெண்ணை 'அது' என்று சொல்வது சகஜம். அதனால் ராணி என்பது என் அண்ணியோ அக்காவோ என்று முடிவுகட்டி, கணவரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு இது எதுவும் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம், வெளியே போன தேனீக்களெல்லாம் வீடு திரும்பும்வரை சிதம்பரத்தில் காத்திருந்தேன். பிறகு வாசலைப் புல்லால் அடைத்து, கயிறு கட்டி, ஈரச் சாக்கைச் சுற்றிக் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். பெட்டியில் என்ன என்று கேட்ட கண்டக்டரிடம் தேன் பெட்டி என்றேன். பொய்யில்லை. கொம்புத் தேனா, கலப்படம் இல்லாததா, ஒரு பாட்டில் கிடைக்குமா என்று ஆரம்பித்துவிட்டார். இன்னும் எடுக்கவில்லை என்றேன். அதுவும் பொய்யில்லை.

பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பஸ் இரைச்சலில் அவற்றின் சத்தம் காதில் விழவில்லை, தொடையில்தான் தெரிந்தது. ஆலப்பாக்கம் தாண்டிக் குடிகாடு நெருங்கியதும் ஜன்னல் வழியாகக் கம்பெனிகளின் அந்த ரசாயன வாசனை வந்தது. நான் தினமும் சுவாசித்துப் பழகியது, அவை பழகாதது. மடியில் இருந்த அதிர்வு சட்டென்று ஏறியது. துப்பட்டாவைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துப் பெட்டியைப் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆட்டோவில் வந்து இறங்கினால் வாசலில் விளக்கு எரிகிறது. வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் மனைவி கையில் ஆரத்தித் தட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவப்பாக, நடுவில் கற்பூரத்தோடு தயாராக இருந்தது. அந்த அக்கா ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா அவுங்கள்லாம்? ராணி வரலையா?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு முந்தின நாள் போனும், மாடியும், வடாமும் ஞாபகத்துக்கு வந்தன.

"வந்திருக்குது அக்கா. பெட்டிக்குள்ள இருக்குது."

விஷயத்தை விளக்கியதும் வீட்டுக்காரர் முகம் கறுத்தது. பூச்சியைக் கொண்டுவந்து குடும்பம் என்கிறாயா, என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். நான் யாரிடமும் குடும்பம் வருகிறதென்று சொல்லவில்லை, என் தோழியோடு பேசியதை யாரோ கேட்டதற்கு நான் என்ன செய்வது என்றேன். மாசி ஒன்றாம் தேதி சாவி என் கைக்கு வரவேண்டும் என்றார். நானும் விடவில்லை, அதுவரை வாடகை கொடுத்திருக்கிறேன், அதுவரை இவையும் இங்கேதான் இருக்கும் என்றேன்.

அக்கா மட்டும் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கரைத்த ஆரத்தியைச் சும்மா கொட்டக்கூடாது என்று சொல்லிக் கற்பூரத்தை ஏற்றினார். பெட்டியோடு என்னைக் கிழக்கே பார்க்க நிற்கச் சொல்லி மூன்று முறை சுற்றினார். சுற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"உள்ள எல்லாம் பொம்பளைங்களா?"

"வேலை பாக்குறது பூராவும் பொம்பளைங்கதான் அக்கா. ஆம்பளைங்க கொஞ்சம் பேரு உண்டு. ஒரு வேலையும் செய்யமாட்டாங்க."

அவர் திரும்பித் தன் கணவரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

முருங்கைக்குக் கீழே பெட்டியை வைத்து, எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் கொடுத்தேன். புல்லை எடுத்துவிட்டு வாசலில் ராணித் தடுப்பை மாட்டினேன். மற்றவை போய்வரலாம், ராணி மட்டும் வெளியேற முடியாது. புது இடம் பிடிக்காவிட்டால் மொத்தக் குடும்பமும் ஒரே நாளில் கிளம்பிவிடும். மறுநாளிலிருந்து கொட்டாங்குச்சியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். நான் வேலைக்குப் போன பிறகு அதை அக்கா வைக்க ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தால் கொட்டாங்குச்சி நிறைந்திருக்கும். அவ்வளவுதான். காலையில் மட்டும் மாடிப்படியில் நின்று கேட்பார், "ராணி இருக்குதா?"

ஒரு காலை, உள்ளே நுழைந்த தேனீக்களின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டைகளைப் பார்த்தேன். மகரந்தம். குஞ்சுக்குத் தீனி சேர்க்கிறது என்றால் ராணி முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நான் தடுப்பைக் கழற்றினேன். ஒன்றும் கிளம்பவில்லை.

எனக்குத்தான் கிளம்பும் நாள் வந்துகொண்டிருந்தது. மாசி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஒரு கணவன் மனைவியைக் குழந்தையோடு அழைத்துவந்தார். அசல் குடும்பம். வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, வீட்டைத் திறந்து காட்டும்படி என்னிடம் சொன்னார். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அக்கா மாடியிலிருந்தே புரோக்கரிடம் சொன்னார்.

"வீடு காலி இல்ல. குடும்பம் இருக்குது."

புரோக்கர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் மாடியைப் பார்த்தார். பிறகு, வேறு வீடு இருந்தால் சொல்கிறேன் என்று முனகிவிட்டு மேலே போனார்.

அன்று மத்தியானம் சமையலறையிலிருந்து அம்மிக் குழவியை எடுத்துவந்தேன். கூடத்துச் சுவரில், கண்ணுக்கு நேராக, ஒரு ஆணியை அடித்துக் காலண்டரை மாட்டினேன். சத்தம் மாடிக்குக் கேட்காமல் இருக்காது. யாரும் கீழே வரவில்லை.